பெயர் தெரியாத காட்டுக் காளானைப் படம் மட்டும் அனுப்பிக் கண்டுபிடிக்க முடியுமா?

வால்பாறைப் பக்கம் பார்த்த காளானைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மழை விட்ட மறுநாள் நடக்கப் போய், நின்றபடியே மேலிருந்து போனில் எடுத்திருப்பீர்கள். அந்தப் படத்தை வைத்து ஒருவர் இதுதான் பெயர் என்று அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். விஷயம் தெரிந்தவர்களாக இருந்தால் முதலில் உங்களைத்தான் கேள்வி கேட்பார்கள்.

கோவையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலியிடத்தில், ஐப்பசி மழைக்குப் பிறகு புல்லில் வட்டமாக வெள்ளைக் காளான்கள் முளைத்தன. ஒவ்வொன்றும் தட்டு அகலம். தொப்பியில் பழுப்புச் செதில்கள், தண்டில் மேலும் கீழும் நகரும் வளையம். பக்கத்து வீட்டு அக்கா புற்றுக்காளான்தான் என்று முடிவுகட்டி, குழம்புக்கு வெங்காயம் உரிக்கவே உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஏற்காட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவருக்கு எழுதினேன்.

அவர் பெயர் சொல்லவில்லை. தண்டு மண்ணுக்குள் எவ்வளவு தூரம் போகிறது, வித்து, அதாவது காளான் உதிர்க்கும் நுண்ணிய பொடி, என்ன நிறம் என்று கேட்டார். புற்றுக்காளானின் தண்டு வேர்போல இறங்கி, மண்ணுக்கடியில் கறையான் கூட்டைத் தொடும். இதைத் தோண்டினால் அடி சற்றுப் பருத்து, அங்கேயே முடிந்துவிட்டது. அப்புறம் ஒரு தொப்பியை அறுத்து, அடிப்பக்கத்து மடிப்புகளான செவுள் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் வைத்துக் கிண்ணத்தால் மூடினேன். காலையில் திறந்தால் செவுளின் ஒவ்வொரு வரியும் தாளில் மங்கிய பச்சைப் பொடியாகப் பதிந்திருந்தது. அதை எழுதியதும் பதில் வந்துவிட்டது: குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். சாப்பிட்டால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் ஆளைச் சாய்த்துவிடும். அக்கா குழம்பில் கத்திரிக்காய் போட்டார்.

ஆப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிலர் வருவீர்கள். ஆப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்டைத் தோண்டிப் பார் என்று எனக்குச் சொன்னது ஒரு மனிதர், அவ்வளவுதான். இது புதிதும் இல்லை. குழந்தைக் கதைகளால் புகழ் பெறுவதற்கு முன், 1890களில், பீட்ரிக்ஸ் பாட்டர் ஸ்காட்லாந்தின் டன்கெல்ட் பகுதித் தபால்காரர் சார்லஸ் மெக்கின்டாஷோடு இப்படித்தான் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். மெக்கின்டாஷ் தபாலில் காளான் அனுப்புவார், பாட்டர் வரைந்து அனுப்புவார். இலங்கையின் பேராதனைத் தாவரவியல் தோட்டத்திலிருந்து அதன் பொறுப்பாளர் த்வெயிட்ஸ் அனுப்பிய காளான்களை இங்கிலாந்தில் காளான் ஆய்வாளரான பாதிரியார் பெர்க்லி ஆராய்ந்து பெயர் வைத்தார்.

எங்கள் காலியிடத்தில் இப்போது காளானே வருவதில்லை. குடியிருப்போர் சங்கத்தார் அழகுபடுத்துகிறோம் என்று முழுக்க இன்டர்லாக் கல் பதித்துவிட்டார்கள். தண்ணீர் இறங்க ஒரு சாண் மண்ணாவது விடுங்கள் என்று கூட்டத்தில் கெஞ்சினேன். சேறாகும் என்று வாயை அடைத்தார்கள். இன்றுவரை ஆறவில்லை.

சரி, உங்கள் காளான் மண்ணிலா, மட்கிய மரத்திலா, சாணத்திலா? அடிப்பக்கப் படம், முழுத் தண்டு, வாசனை, வித்து நிறம், இதெல்லாம் சேர்த்துத் திரும்பக் கேளுங்கள். அதுவரை வாயில் வைக்காதீர்கள்.