ஜப்பானிய மொழிக்கு முதல் புத்தகம்: பெயரை விட்டு, பாடத்தைத் திறந்து பாருங்கள்

ஒரு வாசகரின் கேள்வி: "ஜப்பானிய மொழியைப் புதிதாகத் தொடங்கப்போகிறேன். வகுப்பு கிடையாது, வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம் தனியாகப் படிக்க முடியும். ஆங்கிலம் வாசிப்பதில் சிரமமில்லை. கென்கி வாங்கு என்கிறார்கள் சிலர், மின்னா நோ நிஹோங்கோதான் சரி என்கிறார்கள் வேறு சிலர், ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5-க்குரிய தேர்வுப் புத்தகமே போதும் என்றும் ஒருவர் சொன்னார். எதை வாங்கட்டும்? உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைத்துப் படிக்கலாமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலைமைக்கு கென்கி முதல் பாகம், அதன் பயிற்சி நூல், விடைப் புத்தகம் மூன்றும் வாங்குங்கள். உச்சரிப்பைத் தமிழில் எழுத வேண்டாம். இனி, ஏன் என்று பார்ப்போம். நாளைக்கு உங்கள் நிலைமை மாறி ஒரு வகுப்பில் சேர்ந்தாலோ ஜப்பானுக்கே வேலைக்குப் போனாலோ என் பதிலும் மாறும். அதனால் காரணம் தெரிந்திருப்பது நல்லது.

பாடநூல் ஒவ்வொன்றும் யாரையோ மனதில் வைத்து எழுதப்படுகிறது. எது சிறந்த புத்தகம் என்று பத்துப் பேரிடம் கேட்டுக் குழம்புவதற்குப் பதில், இது யாருக்காக எழுதியது, அந்த ஆள் நான்தானா என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். கென்கியை வெளியிடுவது ஜப்பான் டைம்ஸ். 1999-இல் வந்தது, மூன்றாம் பதிப்பு 2020-இல் வெளியானது. அது பல்கலைக்கழக மாணவர்களுக்காக எழுதிய நூல். ஜப்பானுக்குப் படிக்கப் போன மேரி என்ற மாணவி, அவளுடைய நண்பர்கள், வீட்டுப்பாடம், தேர்வு என்றுதான் உரையாடல்கள் போகும். மின்னா நோ நிஹோங்கோ 1998-இல் வந்தது. அதில் மையமாக இருப்பவர் மில்லர் என்ற நிறுவன ஊழியர், இரண்டாம் பாடத்திலேயே விசிட்டிங் கார்டுக்கான சொல் வந்துவிடும். இரண்டுமே முழுமையான, தரமான நூல்கள். இரண்டு பாகங்களையும் முடித்தால் எதில் படித்தாலும் ஏறக்குறைய என்4 அளவுக்கு, அதாவது என்5-க்கு அடுத்த நிலைக்கு, வந்து சேர்வீர்கள்.

பெரிய வித்தியாசம் கதையில் இல்லை, விளக்கத்தில் இருக்கிறது. மின்னாவின் முதன்மை நூல் முழுக்க ஜப்பானிய மொழியிலேயே இருக்கும். ஒரு பாடத்தைத் திறந்தால் முதலில் வாக்கிய அமைப்புகள், பிறகு எடுத்துக்காட்டுகள், அப்புறம் ஓர் உரையாடல், அதன்பின் ஏ, பி, சி என மூன்று வகைப் பயிற்சி, கடைசியில் கேள்விகள். ஏன் இப்படி வருகிறது என்று ஒரு வரி விளக்கம்கூட அந்தப் புத்தகத்தில் கிடையாது. விளக்கமெல்லாம் மொழிபெயர்ப்பும் இலக்கணக் குறிப்பும் அடங்கிய தனிப் புத்தகத்தில் இருக்கிறது, அது பல மொழிகளில் கிடைக்கிறது. ஆசிரியர் முன்னால் நின்று பேசிக் காட்டி, படம் காட்டி, மாணவர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் வகுப்பில் இந்த ஏற்பாடு பிரமாதமாக வேலை செய்யும், ஏனென்றால் விளக்க வேண்டியவர் அங்கேயே இருக்கிறார். தனியாக உட்கார்ந்திருப்பவர் முதன்மை நூலை மட்டும் வாங்கிவிட்டு, ஐந்தாறு பாடத்துக்குள் தனக்கு மொழியே வராது என்று முடிவுகட்டிவிடுவதுதான் நடக்கிறது. அவரிடம் ஒரு குறையும் இல்லை. அவர் கையில் இருந்தது பாதிப் புத்தகம், அவ்வளவுதான். கென்கியிலோ விளக்கம் அதே நூலுக்குள் ஆங்கிலத்தில் இருக்கிறது.

இன்னொரு வித்தியாசம் வினைச்சொல்லில் இருக்கிறது. மின்னாவில் நான்காம் பாடத்திலிருந்து வினைகள் மரியாதை வடிவத்தில், அதாவது 'தபெமசு' என்பதுபோல 'மசு'வில் முடிந்தே வரும். அகராதி வடிவமான 'தபெரு' பதினெட்டாம் பாடத்தில்தான் தலைகாட்டும். வகுப்பில் சட்டென்று மரியாதையாகப் பேசத் தொடங்க இது வசதிதான். ஆனால் தனியாகப் படிப்பவர் தினமும் அகராதியைத் திறப்பவர், அகராதியில் 'தபெமசு' என்று தேடினால் அந்தத் தலைப்பில் சொல் இருக்காது. கென்கி மூன்றாம் பாடத்திலேயே வினைகளை வகை பிரித்து அகராதி வடிவத்தோடு சொல்லித்தருகிறது. தொடக்கத்தில் கொஞ்சம் சுமையாக இருக்கும், ஆறு மாதம் கழித்துப் பெரிய நிம்மதி.

கென்கியிலும் தொல்லை உண்டு. பயிற்சிகளில் நிறைய 'உங்கள் ஜோடியிடம் கேளுங்கள்' வகை, அவற்றை நீங்களே இரு குரலாகச் சத்தமாகப் பேசித்தான் கடக்க வேண்டும். வாய்க்குள் முணுமுணுத்தால் பயனில்லை. விடைகள் நூலுக்குள் கிடையாது, தனிப் புத்தகம், அதனால்தான் மூன்றையும் சேர்த்து வாங்கச் சொன்னேன். திருத்த ஆளில்லாதவர் விடைப் புத்தகம் இல்லாமல் பயிற்சி செய்தால் தவறையே பழக்கமாக்கிக்கொள்வார். அப்புறம், வாசிப்பும் காஞ்சியும் (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்) புத்தகத்தின் பின்பகுதியில் தனியாக வைக்கப்பட்டிருப்பதால் அதைத் தள்ளிப்போடுவது சுலபம். மூன்றாம் பாடத்திலிருந்து தொடங்கி இரு பாகங்களிலும் சேர்த்து 317 காஞ்சி அங்கேதான் வருகிறது. முன்பகுதியில் ஒரு பாடம் முடித்ததும் பின்பகுதியில் அதே எண்ணுள்ள பாடத்தைச் செய்யாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

தமிழ் பேசுபவராக உங்களுக்கு இருக்கும் ஒரு பலத்தை இந்தப் புத்தகங்கள் எதுவும் உங்களிடம் சொல்லாது. ஆங்கிலத்தில் எழுதிய விளக்கம் ஆங்கிலம் பேசுபவரின் சிரமத்தை நினைத்து எழுதியது. வினை கடைசியில் வரும் என்பதற்கும், இடத்தைக் காட்டும் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும் என்பதற்கும் அங்கே பத்தி பத்தியாக எச்சரிக்கை இருக்கும். நமக்கு அது தினசரிப் பேச்சு. எல்லோரும் பயப்படும் 'தெ' வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கென்கியில் ஆறாம் பாடம், மின்னாவில் பதினான்காம் பாடம். அது நம்முடைய வினையெச்சம்போலவே நடந்துகொள்கிறது. 'தபெதெ' என்றால் சாப்பிட்டு. 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார், அந்த 'மிரு' தனியாக நின்றாலும் பார்ப்பதுதான். 'தபெதெ ஷிமத்தா' என்றால் சாப்பிட்டுவிட்டேன், 'அடடா, சாப்பிட்டுத் தொலைத்தேனே' என்ற வருத்தமும் அதற்குள் வரும். 'கினோ கத்தா ஹோன்' என்பது நேற்று வாங்கின புத்தகம், சொல் வரிசைகூட மாறவில்லை. ஆங்கில விளக்கத்தில் இது ஒரு முழுப் பாடத்தின் தலைவலி, நீங்கள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு நேராகப் பயிற்சிக்குப் போகலாம். அதனால் விளக்கத்தை வாசித்ததும் எடுத்துக்காட்டுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்காமல் தமிழில் சொல்லிப் பாருங்கள், நோட்டிலும் தமிழ் விளக்கத்தையே எழுதுங்கள். இந்த ஒற்றுமையை வைத்து இரு மொழிக்கும் உறவு உண்டு என்று ஜப்பானிய அறிஞர் ஓனோ சுசுமு வாதாடினார், பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களுக்குக் கிடைக்கும் வசதி வசதிதான்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் இருக்கின்றன. 'வா', 'கா' என்ற இரண்டு உருபுகளில் எது எங்கே வரும் என்பதும், நீளமான பொருளுக்கு ஒன்று, தட்டையான பொருளுக்கு வேறொன்று என்று மாறும் எண்ணுச் சொற்களும் அப்படிப்பட்டவை. மூன்று பென்சிலுக்கு 'சன்போன்', மூன்று தாளுக்கு 'சன்மை'. அங்கே புத்தகத்தின் விளக்கத்தை வரிவரியாக வாசியுங்கள், பயிற்சியையும் இருமடங்காகச் செய்யுங்கள்.

இப்போது தமிழில் உச்சரிப்பு எழுதுவது. இந்தக் கட்டுரையில் நான் எழுதுவது வேறு வழியில்லாமல், நீங்கள் அப்படிப் படிக்கக் கூடாது. நம் எழுத்தில் 'த'வுக்கு இரண்டு ஒலி, 'க'வுக்கும் 'ப'வுக்கும் அப்படியே. ஜப்பானிய மொழியில் அந்த இரண்டு ஒலியும் பொருளையே மாற்றும். மறுபடியும் என்ற சொல்லுக்கும் இன்னும் என்ற சொல்லுக்கும் நடுவிலுள்ள 'த' வல்லோசையா மெல்லோசையா என்பது மட்டும்தான் வித்தியாசம், தமிழில் இரண்டையும் 'மத' என்றே எழுத வேண்டிவரும். பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் சொல்லையும், படிப்பைப் பாதியில் விட்டு விலகுவதைக் குறிக்கும் சொல்லையும் 'தைககு' என்றுதான் எழுத முடியும். போதாததற்கு, இரண்டு உயிருக்கு நடுவில் வரும் வல்லினத்தை நம் நாக்கு தானாகவே மெலிதாக்கிவிடும், நாம் செய்வது நமக்கே கேட்காது. ஒலிப்பதிவைக் கேட்டுத் திரும்பச் சொல்லும்போது நீங்கள் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். குறில் நெடில் விஷயத்தில் நேர்மாறாக நமக்கு யோகம்: 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி, இந்த வேறுபாடு தமிழ்க் காதுக்கு உடனே பிடிபடும். ஆங்கில எழுத்தில் எழுதுவதும் நீண்ட நாளைக்கு உதவாது. ஜப்பானிய மொழியில் ஒலியெழுத்து வகை இரண்டு: ஹிரகானாவில் 46 எழுத்து, கதகானாவில் 46. பாடம் தொடங்குமுன் ஹிரகானாவையும், முதல் இரண்டு பாடங்களைப் படிக்கும்போதே கதகானாவையும் கையால் எழுதிப் பழகுங்கள். கடைசிப் பக்கம் வரை ரோமன் எழுத்திலேயே போகும் புத்தகம் எதுவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

என்5 தேர்வுப் புத்தகத்தை முதல் புத்தகமாக வாங்கச் சொன்னவருக்கு நல்ல எண்ணம்தான் இருந்திருக்கும், ஆனால் அது தவறான ஆலோசனை. அந்த வகை நூல்கள் ஏற்கெனவே படித்ததைத் தேர்வு வடிவத்தில் திருப்பிப் பார்க்க உதவுபவை. அந்தத் தேர்வில் பேசவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம், விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். அதை மட்டும் குறிவைத்துப் படித்தால் சான்றிதழ் வரும், ஒரு வாக்கியம் சொந்தமாக அமைக்க வராது. இன்னொன்று, 2010-இல் தேர்வு நான்கு நிலையிலிருந்து ஐந்து நிலையாக மாறியதற்குப் பிறகு அதிகாரபூர்வச் சொற்பட்டியல் வெளியிடப்படுவதில்லை. 'என்5 முழுச் சொற்பட்டியல்' என்று அட்டையில் போட்டிருந்தால் அது நூலாசிரியரின் கணிப்பு. தேர்வு எழுதுகிற எண்ணம் இருந்தால் கென்கி முதல் பாகம் முடித்தபிறகு ஒரு மாதிரித் தேர்வு நூல் வாங்கினால் போதும்.

ஜப்பானில் போய் வாழவோ வேலை செய்யவோ போகிறீர்கள் என்றால் ஜப்பான் அறக்கட்டளையின் இரோதோரி என்ற பாடநூலைப் பாருங்கள். பிடிஎப் கோப்புகளும் ஒலிப்பதிவும் இலவசம், கடையில் பொருள் கேட்பது, உடம்பு சரியில்லை என்று சொல்வது, அறிவிப்புப் பலகையை வாசிப்பது என்று ஒவ்வொரு பாடமும் ஒரு வேலையைச் செய்ய வைக்கும். அதே அறக்கட்டளையின் மருகோதோவும் ஏறக்குறைய இந்த வழிதான், அதில் பேச்சுக்கு ஒன்று, இலக்கணத்துக்கு ஒன்று என்று தொடக்க நிலையில் இரண்டு புத்தகம் இருக்கும். இலக்கணத்தைக் கட்டுக்கோப்பாகப் படிக்க விரும்புபவருக்கு இரோதோரி மட்டும் போதாது, ஆனால் கென்கியோடு சேர்த்துக் காதுக்குப் பயிற்சியாக வைத்துக்கொள்ள அருமையானது, செலவும் இல்லை.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். மாதிரிப் பக்கங்களோ நண்பரின் பிரதியோ கிடைத்தால் முதல் பாடத்தைப் பார்க்காதீர்கள், முதல் பாடம் எல்லாப் புத்தகத்திலும் இனிமையாகவே இருக்கும். 'தெ' வடிவப் பாடத்தைத் திறந்து விளக்கத்தை வாசியுங்கள். முழுக்கப் புரிய வேண்டாம், என்ன சொல்ல வருகிறார்கள் என்று பிடிபடுகிறதா, விளக்கத்துக்கு அடுத்தே போதுமான பயிற்சி இருக்கிறதா, அந்தப் பயிற்சிக்கு விடை எங்கே கிடைக்கும், உரையாடலுக்கு ஒலிப்பதிவு உண்டா என்று பாருங்கள். விடையும் ஒலியும் இல்லாத புத்தகத்தை, எவ்வளவு அழகாக அச்சிட்டிருந்தாலும், தனியாகப் படிப்பவர் வாங்கக் கூடாது.

பழைய பதிப்பு கைக்கு வந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், அடிப்படை இலக்கணம் மாறிவிடவில்லை. ஒன்றே ஒன்று, பாடநூலும் பயிற்சி நூலும் விடைப் புத்தகமும் ஒரே பதிப்பாக இருக்கட்டும், கலந்து வாங்கினால் பயிற்சி எண்கள் ஒத்துவராமல் அலைக்கழிவீர்கள். இரண்டாம் பாகத்தை இப்போதே வாங்க வேண்டாம். முதல் பாகத்தில் பன்னிரண்டு பாடம் இருக்கிறது, தினம் ஒரு மணி நேரம் என்றால் ஒரு பாடத்துக்கு இரண்டு வாரம் தாராளமாக ஒதுக்குங்கள். பத்தாம் பாடத்தைத் தொடும்போது இரண்டாம் பாகத்துக்கு ஆர்டர் போட்டால் சரியாக இருக்கும்.