"பிள்ளைகள் கைவிட்டவர்கள்" என்று எங்களை டிவியில் காட்டிவிட்டார்கள்

ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு 69 வயது. பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவருக்கு 74. கோவைக்கு வெளியே ஒரு ரிடையர்மென்ட் கம்யூனிட்டியில் சொந்தமாக வீடு வாங்கிக் குடியிருக்கிறோம். மூன்று வேளைச் சாப்பாடு பொது டைனிங் ஹாலில். வீடு பெருக்கித் துடைக்க ஆள், ராத்திரி நர்ஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் வந்துவிடும். மகன் கனடாவில், மகள் பெங்களூரில். இங்கே வருவது என்று முடிவு செய்தது நாங்கள். மகன் வேண்டாம் என்றுதான் சொன்னான்.

தீபாவளிக்கு ஒரு தனியார் டிவி சேனலில் இருந்து வந்தார்கள். பெரியவர்கள் கூடிக் கொண்டாடுவதைக் காட்டப்போகிறோம் என்று சொன்னதால் சங்கத்தில் அனுமதித்தோம். லேகியம் கிளறியது, கோலம், மத்தாப்பு, பாட்டு எல்லாவற்றையும் எடுத்தார்கள். ஒளிபரப்பில் அதெல்லாம் அரை நிமிடம்கூட இல்லை. "பெற்ற பிள்ளைகள் கைவிட்ட தீபாவளி" என்று தலைப்பு, பின்னால் சோக இசை.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 81 வயது. கணவர் தவறி வருஷம் திரும்பாததால் பண்டிகையில் கலந்துகொள்ளாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நிருபர் அவரிடம் போய், "நல்ல நாள்ல யாரம்மா அதிகமா நினைப்புக்கு வர்றாங்க?" என்று கேட்டிருக்கிறார். கண் கலங்கி, "அவர்தான்" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பதிலை வெட்டிவிட்டு அழுத முகத்தை மட்டும் காட்டி, "மகன் வருவான் எனக் காத்திருக்கும் தாய்" என்று கீழே எழுத்து ஓடவிட்டார்கள். அந்த மகன் நவராத்திரிக்கு வந்து தங்கிவிட்டுப் போனவர். அந்த அம்மா இப்போது டைனிங் ஹாலுக்கு வருவதில்லை, டிபன் கேரியரில்தான் சாப்பாடு போகிறது.

இன்னொருவர், பேங்க்கில் இருந்து ரிடையர் ஆனவர், "பையன் போன் பண்ணி மூணு மாசம் ஆச்சு" என்று பேட்டி கொடுத்துவிட்டார். மொத்த நிகழ்ச்சிக்கும் அதுதான் சாட்சி போல ஆகிவிட்டது. அவர் உட்காரும் மேஜையில் இப்போது யாரும் உட்காருவதில்லை. எனக்கும் அவர் மேல் கோபம்தான்.

சங்கத்தில் சிலர் இனி எந்த மீடியாவையும் கேட்டுக்குள் விடக் கூடாது என்கிறார்கள். சிலர் "நாங்கள் காசு கட்டி இருப்பவர்கள், அநாதைகள் அல்ல" என்று மறுப்பு விடச் சொல்கிறார்கள். பில்டர் தன் செலவிலேயே, "நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம்" என்று நாங்கள் பேசுவதை வீடியோ எடுத்துப் போடலாம் என்கிறார். சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிப்பது போல போன் செய்கிறார்கள். மகன், "எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க. பேசாம இங்க வந்துடுங்கம்மா" என்று குரல் உடைந்து பேசுகிறான். ராத்திரி அந்த யூடியூப் வீடியோவையும் அதன் கீழே வரும் கமென்ட்டுகளையும் பார்த்துக்கொண்டே விழித்திருக்கிறேன். என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

*

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

உங்களுக்கு நடந்தது அநியாயம். யோசித்து, வீட்டில் பேசி, கையில் இருந்த பணத்தைப் போட்டு நீங்கள் எடுத்த ஒரு முடிவை, உங்களுக்கு யாரோ செய்த கொடுமை என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டார்கள். கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

ஊரெல்லாம் "பாவம்" என்று சொன்னால் அது வெளியோடு நிற்பதில்லை, உள்ளேயும் இறங்கிவிடும். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 660 பேரைப் பற்றியது. தங்கள் முதுமையை நல்லவிதமாக நினைத்தவர்கள், அப்படி நினைக்காதவர்களைவிட 7.5 ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். ஆயுளுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் தன் வயதைப் பற்றித் தானே வைத்திருக்கும் எண்ணம் உடம்புவரை எட்டுகிறது என்பதை இதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் சொல்கின்றன. அதனால் முதல் காரியம், நீங்கள் அந்த வீடியோவைப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துவது. கமென்ட்டுகளைக் கவனிக்கும் வேலையைச் சங்கத்தில் ஒரே ஒருவரிடம் விடுங்கள். அவர் தினமும் பகலில் ஒரு தடவை பார்த்து, புகாருக்குத் தேவையானதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கட்டும். யாரும் பதில் எழுத வேண்டாம். பதில் எழுத எழுத அந்த வீடியோ இன்னும் பலர் கண்ணில் படும்.

அடுத்து, அந்த பேங்க்காரர். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது அவருடைய மேஜைதான். அவர் பொய் சொல்லவில்லை. மூன்று மாதமாக மகன் கூப்பிடவில்லை என்பது உண்மையானால், அந்த நிகழ்ச்சியில் நிஜமான வலியோடு பேசியவர் அவர் ஒருவர்தான். அதை ஒரு கேமரா முன்னால் சொல்ல வேண்டிவந்ததே, அதற்கு முன்னால் அவர் அதை உங்களில் யாரிடமாவது சொல்லியிருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பது இதுபோன்ற குடியிருப்புகளில் எழுதாத சட்டம். வந்து பார்க்கிற பிள்ளைகளின் போட்டோ குரூப்பில் வரும். வராதவர்களைப் பற்றிப் பேச்சே எழாது. இப்போது அவரை ஒதுக்கினால் மற்றவர்களுக்கும் ஒரு பாடம் போய்ச் சேர்கிறது: இங்கே மனக்கஷ்டத்தைச் சொன்னால் சாப்பிடுகிற இடத்தில் தனியாக உட்கார வேண்டிவரும். அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டவர்கள் பிறகு நர்ஸிடம்கூட வாய் திறக்க மாட்டார்கள்.

நாளைக் காலை டிபனுக்கு நீங்களும் உங்கள் கணவரும் அவர் மேஜையில் போய் உட்காருங்கள். பேட்டியைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம், விளக்கம் கேட்கவும் வேண்டாம். நாலைந்து நாள் அப்படியே போகட்டும். தலைமையாசிரியையாக இருந்தவர் நீங்கள், நீங்கள் உட்கார்ந்தால் இன்னும் நாலு பேர் உட்காருவார்கள்.

பில்டரின் வீடியோவுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள் என்பேன். அடுத்த கட்ட வீடுகளை விற்க அவருக்கு உங்கள் சிரித்த முகம் தேவைப்படலாம். அவர் தொழில் அது. ஆனால் "எல்லோரும் அழுகிறார்கள்" என்பது எவ்வளவு பொய்யோ, "எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறோம்" என்பதும் அவ்வளவு பொய். கணவரை இழந்த 81 வயது அம்மா அதில் எங்கே நிற்பார்? "அநாதைகள் அல்ல" என்ற மறுப்பும் வேண்டாம். தர்மத்தில் நடக்கும் இல்லங்களில் இருக்கும் பெரியவர்களுக்கு அது ஒரு அடி. உங்கள் குடியிருப்பிலேயே பிள்ளை இல்லாதவர்களும், பிள்ளைகளோடு பேச்சு முறிந்தவர்களும் இருப்பார்கள். அவர்களும் அதைப் படிப்பார்கள்.

வேறு விதமாக ஒரு மறுப்பு விடலாம், அது ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். சேனல் சொன்னதைத் திருப்பிச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுவதுதான் மனதில் உண்மையாக நிற்கும். "இது நாங்களே தேர்ந்தெடுத்த வீடு. எங்களில் நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு, தனிமையில் இருப்பவர்களும் உண்டு, எங்கும் போல" என்று தொடங்குங்கள். பிறகு எந்தக் காட்சி எப்படி வெட்டப்பட்டது என்பதை உணர்ச்சி கலக்காமல் எழுதுங்கள். கடைசியில் திருத்தம் கேளுங்கள். அந்த அம்மாவைப் பற்றி எழுதுவதானால் அவர் சம்மதித்த பிறகே.

இதையே புகாராகவும் அனுப்பலாம். சேனலின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் போக வேண்டும். 2021-இல் திருத்திய கேபிள் டிவி விதிகளின்படி 24 மணி நேரத்தில் புகார் வந்ததற்கு ஒப்புகை தர வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள், அந்தச் சேனல் உறுப்பினராக இருக்கும் சுய ஒழுங்கு அமைப்புக்கு (சேனல்கள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட கண்காணிப்பு அமைப்பு) மேல்முறையீடு செய்யலாம். நாள், நேரம், நிகழ்ச்சியின் பெயர், எத்தனையாவது நிமிடம், நிருபர் கேட்ட கேள்வி, பேட்டி கொடுத்தவர் சொன்ன பதில், திரையில் ஓடிய வரி எல்லாம் இருக்க வேண்டும். ஒளிபரப்பானதைச் சேனல் 90 நாள் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. வெட்டாத முழுப் பதிவையும் அழிக்காமல் வைக்கும்படி கேளுங்கள். முதியவரைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர் அவரை அடியோடு கைவிடும் எண்ணத்தோடு எங்காவது விட்டுவிட்டுப் போவது, 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆதாரமில்லாமல் "கைவிட்ட பிள்ளைகள்" என்பது அந்தக் குற்றத்தைச் சுமத்துவதற்குச் சமம் என்று ஒரு வரி சேருங்கள், அலட்சியமாக விட மாட்டார்கள். பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது அச்சில் வருவதற்கு மட்டும்தான், டிவிக்கு இல்லை.

யூடியூப் வழி வேறு. தன் முகமோ குரலோ அடையாளம் தெரியும்படி வந்திருந்தால் தனியுரிமைப் புகார் கொடுக்கலாம். சங்கத்தின் பெயரில் கொடுத்தால் எடுபடாது, சம்பந்தப்பட்டவரே கொடுக்க வேண்டும். அவருக்குக் கம்ப்யூட்டர் வசதி இல்லையென்றால் அவர் சார்பில் வேறொருவர் கொடுக்கலாம். அவர் தோன்றும் நிமிடம், வினாடியைக் குறிப்பிட வேண்டும். வீடியோ போட்டவருக்கு, அதை நீக்கவோ முகத்தை மறைக்கவோ பொதுவாக 48 மணி நேரம் கொடுப்பார்கள். பிறகு யூடியூப் பரிசீலிக்கும்.

ஆனால் இதற்காக அந்த அம்மா வீட்டுக்குக் கமிட்டியாகப் போய் நிற்காதீர்கள். அவர் துக்கத்தில் இருக்கிறார், அந்தத் துக்கத்தை வேறொன்றாகத் திரித்துவிட்டார்கள். "உங்களால்தான் நமக்கு இந்தப் பேர்" என்று யாரோ சொல்லியிருக்கவும்கூடும், விசாரித்துப் பாருங்கள். நீங்கள் மட்டும் மத்தியான ஓய்வுக்குப் பிறகு, ஒரு நாலு மணிக்குப் போங்கள். "அழாதீங்க", "மறந்துடுங்க" என்ற பேச்சு வேண்டாம். அவர் கணவரைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்ல வந்து வெட்டுப்பட்டது அதுதானே. இரண்டாவது, மூன்றாவது தடவை போகும்போது, "வீடியோவுல உங்க முகத்தை எடுத்துடச் சொல்லலாமாம்மா, உங்களுக்கு இஷ்டமா?" என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கேரியர் திரும்பி வரும்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மெஸ் ஆட்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் பசியின்மை, உடம்பு வலி, மறதி என்றும் வரும். மாத்திரையை விட்டுவிடுவது, "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு, இரண்டு வாரத்துக்கு மேல் அறைக்குள்ளேயே இருப்பது, இதில் எதைக் கண்டாலும் அவர் மகனுக்குச் சொல்லி மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். சாகும் பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் எந்நேரமும் பேசலாம்.

உங்கள் மகனிடம் குடும்ப குரூப்பில் விளக்கம் போடாதீர்கள். தனியாகக் கூப்பிடுங்கள். அவன் மனதில் இருப்பது கோபம் இல்லை, குற்ற உணர்ச்சி. "நீ என்னை விட்டுட்டுப் போகல. இங்க வந்தது எங்க முடிவு, அது மாறல. யாராவது கேட்டா அம்மாகிட்டயே கேளுங்கன்னு நம்பரைக் குடு" என்று சொல்லுங்கள். அந்தப் போனில் இது போதும். கனடாவுக்குப் போவதா என்ற பேச்சை இரண்டு மாதம் தள்ளி வையுங்கள். ஒரு டிவி நிகழ்ச்சிக்குப் பயந்து வீடு மாறக் கூடாது.

அவன் இன்னும் அடிக்கடி கூப்பிட வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருக்கிறதா? இருந்தால் அதையும் வேறொரு நாள் சொல்லிவிடுங்கள். நிகழ்ச்சி பொய் என்பதற்காக, உங்களுக்குள் ஒரு ஆதங்கமும் இல்லை என்று நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. "ஞாயிற்றுக்கிழமை காலையில அரை மணி நேரம் வீடியோ கால்ல வா" என்று குறிப்பாகக் கேட்டால் அவனுக்கும் செய்வது சுலபம்.

மீடியாவுக்குக் கதவை ஒரேயடியாக அடைத்தால் கேட்டுக்கு வெளியே நின்று எடுப்பார்கள், "உள்ளே விட மறுக்கிறார்கள்" என்பதே அடுத்த செய்தியாகும். பொங்கல், அன்னையர் தினம், ஜூன் 15 முதியோர் கொடுமை எதிர்ப்பு நாள், அக்டோபர் 1 முதியோர் தினம், தீபாவளி, இந்தச் சமயங்களில்தான் கேட்டு வருவார்கள். அதற்கு முன்பே பெரிய எழுத்தில் தமிழில் ஒரு பக்கப் படிவம் தயார் செய்யுங்கள். நிகழ்ச்சியின் பெயர், நிருபர் பெயர், போன் நம்பர், என்ன தலைப்பு, எங்கெல்லாம் வெளியாகும், முகம் காட்டலாமா, வீட்டுக்குள் எடுக்கலாமா என்று தனித்தனியாக டிக் செய்யும்படி இருக்கட்டும். ஒவ்வொருவரும் தனக்குத் தானே கையெழுத்துப் போட வேண்டும். செயலாளர் எல்லோருக்கும் சேர்த்துச் சம்மதம் கொடுக்க முடியாது. பேட்டி எடுக்கும்போது குடியிருப்பைச் சேர்ந்த ஒருவர் கூட இருந்து முழுவதையும் தன் போனில் பதிவு செய்யட்டும். பதிலை வெட்டினால் காட்டுவதற்குக் கையில் ஆதாரம் இருக்கும். படுக்கையில் இருப்பவர்களின் பராமரிப்புப் பகுதிக்குக் கேமரா போகவே கூடாது. சோகப் படம் வேண்டுபவர்கள் முதலில் தேடிப் போவது வீல்சேரைத்தான். மறதி நோய் உள்ளவர்கள் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்து சொல்ல முடியாது, அவர்களைப் படம் எடுக்க ஒருபோதும் விடாதீர்கள்.

துக்கம் விசாரிக்கும் சொந்தக்காரர்களிடம் வாதாடிக் களைக்காதீர்கள். "ஒரு நாள் வந்து எங்ககூடச் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று கூப்பிடுங்கள். வருகிறவர்கள் நேரில் பார்த்துக்கொள்வார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் போனை ஹாலில் வைத்துவிட்டுப் படுங்கள். பத்து, பதினைந்து நாளிலும் தூக்கம் சரியாகாவிட்டால் தூக்க மாத்திரையை நீங்களே வாங்கிப் போடாமல் உங்கள் டாக்டரைப் பாருங்கள். இந்த வயதில் அது ராத்திரி எழுந்திருக்கும்போது தடுமாறி விழ வைக்கும்.