பேரீச்சம்பழத்துக்குப் போட்ட ராட்சதன்

கேள்வி: இரண்டாம் உலகப்போர் விமானங்களில் ஒன்றே ஒன்றை மீட்டு மியூசியத்தில் வைக்கலாம் என்று யாராவது உங்களுக்கு வரம் கொடுத்தால் எதைக் கேட்பீர்கள்? ஸ்பிட்ஃபயர்தானே?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஸ்பிட்ஃபயரை எதற்குக் கேட்க வேண்டும், அதுதான் இன்றைக்கும் டஜன் கணக்கில் பறந்துகொண்டிருக்கிறதே! கிடைக்கிற ஒரே வரத்தை அதில் வீணாக்க மாட்டேன். எனக்கு ஷார்ட் ஸ்டர்லிங் வேண்டும்.

பெயரே கேள்விப்படவில்லையா? அதுதான் என் வருத்தமும். அந்தப் போரில் பிரிட்டிஷ் விமானப்படைக்கு வந்த முதல் நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானம் இது. பின்னால் வந்து புகழ்பெற்ற லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்துக்கெல்லாம் அண்ணன். 2,300-க்கு மேல் கட்டினார்கள், இன்று உலகத்தில் முழுசாக ஒன்றுகூட இல்லை. போர் முடிந்ததும் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்குகிற மாதிரி எல்லாவற்றையும் உடைத்துப் போட்டுவிட்டார்கள்.

பார்க்க வேடிக்கையான விமானம். இறக்கையின் அகலம் 100 அடிக்குள் இருக்க வேண்டும் என்று விமானப்படை நிபந்தனை போட, இறக்கை குட்டையாகிவிட்டது; அப்புறம் எப்படித் தரையை விட்டு எழும்பும்? மூக்கை நன்றாகத் தூக்கி நிறுத்தலாம் என்று மரக்கால் ஆட்டக்காரன் மாதிரி நெட்டை நெட்டையாகச் சக்கரக் கால்கள் வைத்தார்கள். தரையில் நிற்கும்போது விமானி உட்காரும் இடம் சுமார் 22 அடி உயரம், இரண்டு மாடி வீட்டு மொட்டை மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1939 மே மாதம் முதல் தடவை பறந்த அன்றே, இறங்கும்போது அந்தக் கால்கள் மடங்கி விமானம் நொறுங்கிப்போனது. சகுனம் பார்க்கிறவர்கள் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள்!

அதைவிடப் பெரிய குறை, 16,500 அடிக்கு மேல் ஏற மூச்சு முட்டும். லங்காஸ்டர்கள் மேலே போக, இது கீழே போகும். எதிரியின் பீரங்கி போதாதென்று, சில சமயம் மேலே பறந்த சொந்தப் படைக்காரர்கள் போட்ட குண்டும் தலையில் விழும்.

1942 நவம்பரில் ரான் மிடில்டன் என்ற 26 வயது ஆஸ்திரேலிய விமானி, இத்தாலியின் டூரின் நகரத்தைத் தாக்க இதை ஓட்டிக்கொண்டு போனார். வழியில் ஆல்ப்ஸ் மலை. 12,000 அடிக்கு ஏறுவதற்குள்ளேயே பெட்ரோல் ஏகத்துக்குச் செலவாகிவிட்டது. இலக்குக்கு மேலே எதிரியின் பீரங்கிக் குண்டு வெடித்து முகம் சிதைந்து வலது கண் போனது. ஒற்றைக் கண்ணோடு மறுபடி ஆல்ப்ஸைத் தாண்டி, பிரான்ஸைத் தாண்டி இங்கிலாந்துக் கரை வரை கொண்டுவந்து, தொட்டியில் ஐந்து நிமிடத்துக்குத்தான் எண்ணெய் இருக்கிறது என்றபோது எல்லோரையும் குதிக்கச் சொன்னார். ஐந்து பேர் பிழைத்தார்கள். கூடவே இருந்த இரண்டு பேரும் அவரும் கடலோடு போனார்கள். அவருக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். அந்த மாதிரி ஒரு விமானி உட்கார்ந்த இருக்கையை நம்மால் எங்கேயும் போய்ப் பார்க்க முடியாது, அதனால்தான் இந்த விமானத்தைக் கேட்கிறேன்.

கேள்வி: அவ்வளவு கட்டியும் ஒன்றுகூட மிஞ்சாதது எப்படி? ஏரியிலோ கடலிலோ இருக்காதா?
- அதே வாசகர், அடுத்த கடிதத்தில்

பதில்: சரியான இடத்தில்தான் தேடுகிறீர்கள். வெல்லிங்டன் என்ற விமானத்தில் 11,000-க்கு மேல் கட்டியும் மிஞ்சியது இரண்டு, அதில் ஒன்று ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரிக்குள் கிடந்து 1985-ல் மேலே வந்தது. ஸ்டர்லிங்குக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 2020-ல் நெதர்லாந்தின் மார்க்கர்மேர் ஏரியிலிருந்து ஒன்றை எடுத்தார்கள், துண்டு துண்டாக.

விமானம் தப்பிக்க இன்னொரு வழி, யாராவது விடாமல் ஓட்டிக்கொண்டே இருப்பது. அமெரிக்காவின் பி-24 லிபரேட்டர் என்ற குண்டுவீச்சு விமானம் அப்படித்தான் பிழைத்தது, அதுவும் நம் நாட்டில். போர் முடிந்ததும் கான்பூரில் விட்டுப் போன லிபரேட்டர்களை, இனி யாரும் ஓட்டக் கூடாது என்று பிரிட்டிஷ்காரர்கள் வேண்டுமென்றே அடித்து நொறுக்கிவிட்டுத்தான் போனார்கள். பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை ஆட்கள் அவற்றில் சுமார் 40-ஐத் தேற்றிப் பறக்க வைத்துவிட்டார்கள்! நம் விமானப்படை 1968 கடைசி வரை அவற்றை ஓட்டியது. அதற்குள் வெளிநாட்டு மியூசியங்களே லிபரேட்டர் எங்கே என்று தேட ஆரம்பித்திருந்தன. பிரிட்டிஷ் விமானப்படை மியூசியத்திலும், கனடாவின் ஒட்டாவாவிலும், அரிசோனாவின் பீமா மியூசியத்திலும் இன்று நிற்பவை நாம் ஓட்டிக் கொடுத்தவைதான். அவ்வளவு தூரம் போக வேண்டாம், டெல்லி பாலம் விமானப்படை மியூசியத்திலேயே ஒன்று இருக்கிறது.