பொருந்துகிறதே என்று மாட்டிவிடாதீர்கள்

கேள்வி: என்னிடம் உள்ள 2000ஆம் ஆண்டு டெல் டைமென்ஷன் கணினியின் பவர் சப்ளை பழுதாகிவிட்டது. இன்னொரு பழைய கணினியின் 20 பின் கனெக்டர் கச்சிதமாகப் பொருந்துகிறது. மாட்டலாமா?

பதில்: வேண்டாம். பழுதான சப்ளையின் பெரிய கனெக்டரில் நான்கு மூலைகளையும் பாருங்கள். ஏடிஎக்ஸ் என்ற பொது முறைப்படி அங்கே இரண்டு ஆரஞ்சு, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு ஒயர்தான் வரும். ஒரு மூலையில் கறுப்பு இருந்தால் அது டெல் தன் வசதிக்கு மாற்றிய வயரிங். 1998 முதல் சில ஆண்டுகள் அந்த நிறுவனம் அப்படிச் செய்தது. இன்டெல் 1995இல் ஏடிஎக்ஸைக் கொண்டுவந்ததே ஒருவர் பாகம் இன்னொருவருக்கு உதவட்டும் என்றுதான். மாற்றுவதென்றால் கனெக்டரின் வடிவத்தையும் மாற்றித் தொலைத்திருக்கலாமே!

நீங்கள் மாட்ட நினைக்கும் சப்ளையின் மூலையிலுள்ள மஞ்சள் ஒயரில் 12 வோல்ட் வரும். அந்த இடத்தில் டெல் மதர்போர்டில் இருப்பது கிரவுண்ட், நேரடி ஷார்ட். சப்ளையை ஓடச் சொல்லும் பச்சை ஒயருக்கு எதிரேயும் கிரவுண்ட் என்பதால், பட்டனைத் தொடாமலே சப்ளை ஓடத் தொடங்கும். நல்ல சப்ளை உடனே நின்றுவிடும். மலிவானது போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். 3.3 வோல்ட்டைப் பெரிய கனெக்டரிலிருந்து எடுத்துப் பக்கத்து 6 பின் கனெக்டருக்குத் தள்ளிவிட்டார்கள். அதுவும் பார்வைக்குப் பொது வகை போலவே இருக்கும்.

பழைய பாகம் விற்பவர்களிடம் யோசனை கேட்காதீர்கள். "இருபது பின்னும் இருக்கிறதே சார்" என்று ஒருவர் சத்தியம் செய்து என்னிடம் விற்றார். நான் நம்பினேன், புகை வந்தது. திரும்பப் போனபோது, விற்ற பொருளை வாங்குவதில்லை என்றார்.

இனி, பொது வகை சப்ளையை டெல் போர்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் "டெல் அடாப்டர்" ஒயர் விற்பவர்கள். அந்த ஒயர் உண்மையிலேயே உதவும், ஆனால் மாற்றிய வயரிங் உள்ள போர்டுக்கு மட்டும். அதற்குப் பிறகு வந்த டெல் கணினிகள் பல பொது முறைக்குத் திரும்பின. அவற்றில் இந்த அடாப்டரை மாட்டினால் அதே ஷார்ட்தான், திசை மட்டும் வேறு. பெட்டியின் மேலுள்ள பெயரை வைத்து அடாப்டர் வாங்காதீர்கள். மூலையைப் பார்த்து வாங்குங்கள்.

நிறத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். யாராவது முன்பே ஒயரை மாற்றிச் செருகியிருக்கலாம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் முறையில் வைத்து, ஒரு முனையைப் பழுதான சப்ளையின் தகரப் பெட்டியிலும் மறுமுனையை அந்தக் கறுப்பு மூலையிலும் வையுங்கள். பீப் ஒலித்தால் டெல் வயரிங்தான். அடாப்டரை அதற்குப் பிறகு வாங்கினால் போதும்.