பவர் ரேஞ்சர்ஸ் சண்டைகள் பிள்ளைகளைக் கெடுத்தனவா? அதைப் பார்த்து வளர்ந்த ஒருத்தியின் பதில்

நீங்கள் கேட்டிருப்பது மூன்று விஷயங்கள். வண்ண உடை வீரர்கள் குழுவாகச் சண்டை போடும் அமெரிக்கக் குழந்தைகள் தொடரான பவர் ரேஞ்சர்ஸைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றி இவ்வளவு ஏக்கத்தோடு பேசுவது ஏன்? அதில் வரும் அடிதடி ஆபத்தானது என்று சில நாடுகள் நிறுத்தும் அளவுக்குப் போனது நியாயமா? ஆறு வயது மகனுக்கு இப்போது அதைக் காட்டலாமா?

எனக்கு இந்தத் தொடர் உயிர். அதனால் என் பதில் அந்தப் பாசத்திலிருந்துதான் வரும். ஆனாலும் அன்று கவலைப்பட்ட பெற்றோர் எல்லாரும் ஒன்றும் புரியாமல் கத்தினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் பயந்ததில் உண்மை இருந்தது. எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதில்தான் நான் அவர்களோடு வேறுபடுகிறேன்.

முதலில் ஏக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பரில் டூன் டிஸ்னி சேனல் தமிழ் ஒலியோடு நம் ஊர் கேபிளுக்கு வந்தது. ஜெட்டிக்ஸ் என்ற பெயரில் அதில் சண்டைத் தொடர்களாக வரும். அங்கேதான் நிஞ்ஜா ஸ்டார்ம், டைனோ தண்டர், எஸ்.பி.டி., மிஸ்டிக் ஃபோர்ஸ் என்ற பவர் ரேஞ்சர்ஸ் தொடர்கள் எல்லாம் எங்களுக்கு அறிமுகம். பள்ளி விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு, யூனிஃபார்ம்கூட மாற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். அது முடிந்ததும் தெருவுக்கு ஓடுவோம். யார் ரெட் ரேஞ்சர் என்பதில் தினமும் தகராறு. எனக்கு அந்தத் தகராறே கிடையாது, எனக்கு வேண்டியது மஞ்சள்தான். எஸ்.பி.டி.யில் மஞ்சள் ரேஞ்சராக வரும் ஸீ தன்னைப் போலவே பல உருவங்களை உண்டாக்கி ஒரே நேரத்தில் நாலு பக்கமும் நின்று சண்டை போடுவாள். பெண் பிள்ளைகள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டிய தெரு விளையாட்டில், ஐந்து பேர் அணியில் எனக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இடம் கிடைத்தது இந்தத் தொடரால்தான். பெண் இல்லாமல் அந்த அணி முழுமையாகாது என்பது விளையாட்டின் விதியாகவே ஆகிவிட்டது. வன்முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுத்து நான் அதிகம் பார்த்ததில்லை.

சரி, வன்முறைக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள அந்தத் தொடரை எப்படித் தயாரித்தார்கள் என்று தெரிய வேண்டும். ஜப்பானின் தோயி நிறுவனம் 1975 முதல் சூப்பர் சென்டாய் என்ற வரிசையில் வண்ண உடைக் குழுக்களின் கதைகளை எடுத்துவந்தது. 1992இல் வந்த ஜூரேஞ்சர் தொடரின் சண்டைக் காட்சிகளை ஹைம் சபானின் நிறுவனம் வாங்கி, ஹெல்மெட் இல்லாத பகுதிகளை மட்டும் அமெரிக்க இளைஞர்களை வைத்துப் புதிதாக எடுத்து ஒட்டியது. அதுதான் 1993 ஆகஸ்ட் 28 அன்று ஃபாக்ஸ் கிட்ஸில் தொடங்கிய மைட்டி மார்ஃபின் பவர் ரேஞ்சர்ஸ். பிங்க் ரேஞ்சரின் உடையில் குட்டைப் பாவாடை இருக்கும், மஞ்சள் ரேஞ்சருக்கு இருக்காது, கவனித்திருக்கிறீர்களா? ஜப்பான் மூலத்தில் மஞ்சள் ஒரு ஆண். அமெரிக்காவில் அதை டிரினி என்ற பெண்ணாக்கினார்கள். சண்டைக் காட்சிகள் பழையவை என்பதால் உடையை மாற்ற முடியவில்லை.

ஆனால் உடையைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. ஜூரேஞ்சரில் பச்சை வீரன் இறந்துபோகிறான். அந்த மரணத்துக்குக் கதையில் கனம் உண்டு. அமெரிக்கப் பதிப்பில் பச்சை ரேஞ்சரான டாமி தன் சக்தியை இழக்கிறான், அப்புறம் வெள்ளை ரேஞ்சராகத் திரும்பி வருகிறான். குழந்தைகள் நிகழ்ச்சி என்பதால் சாவை எடுத்துவிட்டார்கள், ரத்தத்தை எடுத்துவிட்டார்கள். உதையும் குத்தும் அப்படியே இருந்தன. அடி விழுந்தால் தீப்பொறி பறக்கும், விழுந்தவன் உருண்டு எழுந்துவிடுவான். அடிவாங்குகிறவர்கள் வில்லனின் படையான பட்டி என்ற களிமண் வீரர்கள், அவர்களுக்கு மனித முகமே கிடையாது. இரண்டாவது சீசனில் அவர்கள் மார்பில் ஒரு ஆங்கில இஸட் எழுத்தைப் பொறித்தார்கள், அதில் குத்தினால் அப்படியே சிதறிப்போவார்கள். யாரும் வலியில் அழவில்லை.

என்னைப் பொறுத்தவரை இந்தத் தொடரின் உண்மையான குறை இதுதான். இதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பற்றித்தான் அன்று பேசினார்கள்.

நியூசிலாந்தில் பெற்றோரின் புகார்களை ஒளிபரப்புத் தர ஆணையம் ஏற்றுக்கொண்டது, 1994இல் தொடர் அங்கே நின்றது. கனடாவிலும் அதே ஆண்டு ஒளிபரப்புத் தர மன்றம், இந்தத் தொடரைக் காட்டிய குளோபல் தொலைக்காட்சி வன்முறை பற்றிய நெறிமுறையை மீறிவிட்டது என்று முடிவு சொன்னது. ஒய்டிவி சேனலும் தொடரை நிறுத்தியது. அமெரிக்காவில் தொலைக்காட்சி வன்முறைக்கு எதிரான ஒரு கூட்டமைப்பு உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, மணிக்கு 211 வன்முறைச் செயல்கள் என்று ஒரு கணக்கை வெளியிட்டது. அந்த எண்ணை எல்லாப் பத்திரிகைகளும் எடுத்துப் போட்டன.

நார்வேயில் நடந்ததுதான் மனதை உலுக்குவது. 1994 அக்டோபரில் ட்ரொண்ட்ஹெய்ம் நகரில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, கிட்டத்தட்ட அவள் வயதே ஆன சிறுவர்களால் அடிபட்டுப் பனியில் உயிரிழந்தாள். உடனே பவர் ரேஞ்சர்ஸ் மீது பழி விழுந்தது. டிவி3 நிறுவனம் நார்வே, ஸ்வீடன், டென்மார்க் மூன்றிலும் தொடரை நிறுத்தியது. அந்த மரணத்துக்கும் தொடருக்கும் தொடர்பு இருந்ததாக நிறுவப்படவில்லை, கொஞ்ச காலத்தில் தொடர் திரும்பவும் வந்தது. அவ்வளவு பெரிய துயரத்துக்கு முன்னால் ஒரு ஊர் காரணம் தேடித் தவிப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் கையில் அகப்பட்ட காரணத்தை உடனே பிடித்துக்கொள்வதில் அந்தக் குழந்தைக்கும் நியாயம் கிடைக்காது, அடித்த குழந்தைகளுக்கு என்ன நடந்தது என்ற விசாரணையும் பின்னுக்குப் போய்விடும்.

நம் நாட்டிலும் இதே பதற்றம் இருந்திருக்கிறது. 1997இல் தூர்தர்ஷனில் தொடங்கிய சக்திமானைப் பார்த்துவிட்டு, அவர் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிக் குழந்தைகள் ஆபத்தில் இறங்கியதாகச் செய்திகள் வந்தன. சக்திமானாக நடித்த முகேஷ் கன்னாவே திரையில் தோன்றிக் குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இனி, "நாங்களும் பார்த்தோம், நல்லாத்தானே இருக்கிறோம்" என்ற வாதம். என்னைப் போன்ற ரசிகர்கள் பெரும்பாலும் சொல்வது இதைத்தான், ஆனால் எனக்கு இது போதாது. 1995இல் கலிஃபோர்னியாவில் 52 பள்ளிக் குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு மைட்டி மார்ஃபின் தொடரின் ஒரே ஒரு எபிசோடைக் காட்டி, அப்புறம் விளையாட விட்டுக் கவனித்தார்கள். பார்க்காத பிள்ளைகளின் முரட்டுச் செயல் ஒன்று என்றால், பார்த்தவர்களிடம் அது ஏழு. சிறுவர்களிடம் விளைவு இன்னும் பலமாக இருந்தது. ஒரு எபிசோட் பார்த்த கையோடு நடக்கிற விளையாட்டை வைத்து ஒரு மனிதனின் குணத்தைச் சொல்லிவிட முடியாது, உண்மைதான். ஆனால் பார்த்த சூட்டில் பிள்ளைகள் கை காலை வீசுவார்கள் என்பதை மறுக்கவும் முடியாது. எங்கள் தெருவிலேயே அதைப் பார்த்திருக்கிறேன்.

என் தம்பி ஒரு நாள் திண்ணையிலிருந்து பாய்ந்து பெரியப்பா மகனின் வயிற்றில் ஒரு உதை விட்டான். அந்தப் பையன் சுருண்டு விழுந்து, மதியம் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தான். தம்பி அப்படியே உறைந்து நின்றான். டிவியில் உதைபட்டவன் எழுந்துவிடுவானே, இவன் ஏன் எழவில்லை என்பதுதான் அவன் முகத்தில் இருந்தது. அம்மா அவனை அடிக்கவும் இல்லை, கேபிளைப் பிடுங்கவும் இல்லை. "வா, வந்து அவன் பக்கத்தில் உட்கார்" என்று உட்காரவைத்து, வெந்நீர் ஒத்தடத்தைத் தம்பி கையாலேயே கொடுக்கச் சொன்னார். பெரியப்பா மகன் முனகும்போதெல்லாம் தம்பி கண்ணில் நீர் வந்தது. அதற்குப் பிறகும் நாங்கள் விளையாடினோம், ஆனால் உதைகள் எல்லாம் காற்றில்தான்.

தொடர் காட்டாமல் விட்ட வலியை எங்கள் அம்மா காட்டினார். அமெரிக்காவில் 90களின் நடுவில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய தேசியத் தொலைக்காட்சி வன்முறை ஆய்வு சொன்னதும் இதை ஒட்டித்தான். எத்தனை அடி என்பதைவிட எப்படிப்பட்ட அடி என்பதை அவர்கள் பார்த்தார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்த நாயகன் அடிக்கிறான், அது நியாயமாகத் தெரிகிறது, அவனுக்குத் தண்டனை இல்லை, அடிபட்டவனுக்கு வலியும் இல்லை என்ற வகைக் காட்சிதான் ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மிகவும் ஆபத்தானது என்றார்கள். உறைப்பை மட்டும் எடுத்துவிட்டு மிளகாயைக் கையில் கொடுத்த மாதிரிதான் ரத்தமில்லாத சண்டையும். குழந்தை அது மிளகாய் என்றே அறியாது.

அதனால் எண்ணிக் கணக்குப் போட்டவர்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது, 211ஐ 100 ஆக்கியிருந்தாலும் பிரச்சினை தீர்ந்திருக்காது. வெட்டி வெட்டி மென்மையாக்க, அடி இன்னும் லேசாகத்தான் தெரியும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஏன் நேசிக்கிறேன் என்றால், இந்தத் தொடர் தன் சக்தியைப் பற்றித் தானே கேள்வி கேட்டுக்கொண்ட தொடர். மைட்டி மார்ஃபினின் முதல் எபிசோடிலேயே ரேஞ்சர்களின் வழிகாட்டியான ஸோர்டான் மூன்று விதிகள் சொல்கிறார். சொந்த லாபத்துக்காகச் சக்தியைப் பயன்படுத்தக் கூடாது. எதிரி கட்டாயப்படுத்தாமல் சண்டையை நீங்களாகப் பெரிதாக்கக் கூடாது. நீங்கள் யார் என்பதை வெளியே சொல்லக் கூடாது. இரண்டாவது விதியை ஒரு குழந்தைக்குப் புரியவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

என் மனதுக்கு இன்னும் நெருக்கமானது எஸ்.பி.டி. அதன் ஜப்பான் மூலமான டெகாரேஞ்சரில் நாயகர்கள் விண்வெளிப் போலீஸ். குற்றவாளியைப் பிடித்ததும் தொலைவில் உள்ள நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும், குற்றம் உறுதியானால் அந்த இடத்திலேயே அழித்துவிடுவார்கள். 2005இல் அமெரிக்கப் பதிப்பு எடுத்தபோது, அதே வெடிப்புக் காட்சி முடிந்ததும் குற்றவாளி ஒரு சிறிய அட்டைக்குள் அடைபடுவதாக மாற்றினார்கள். மரண தண்டனை சிறையாகிவிட்டது. தலைவர் க்ரூகரின் கிரகத்தையே அழித்தவன் க்ரம். மனைவியும் அதில் போய்விட்டாள் என்று நம்பி வாழ்ந்தவர் க்ரூகர். கடைசி எபிசோடில் க்ரம் கையில் சிக்கியபோது, அவனையும் அந்த அட்டையில்தான் அடைக்கிறார். நான் அதைப் பார்த்தபோது சின்னப் பெண். கொன்றிருக்கலாமே என்று அண்ணன்மார் எல்லாம் கத்தினார்கள். எனக்கு அவர் கொல்லாதது அவ்வளவு பிடித்திருந்தது. ரெட் ரேஞ்சரான ஜாக்கும், ஏழைகளுக்கு உதவும் வேலைக்காகப் போலீஸ் பதவியை விட்டுவிட்டுப் போகிறான்.

டூன் டிஸ்னியில் நாங்கள் பார்த்த அந்த நான்கு தொடர்களையும் எடுத்தது எங்கே தெரியுமா? நியூசிலாந்தின் ஆக்லாந்தில். 1994இல் தொடரை நிறுத்திய அதே நாட்டில், 2003இல் வந்த நிஞ்ஜா ஸ்டார்ம் தொடங்கி வருடா வருடம் படப்பிடிப்பு நடந்தது. அங்குள்ள சண்டைக் கலைஞர்களின் உழைப்பைப் பார்த்து நம் ஊர்ப் பிள்ளைகள் கைதட்டினோம்.

டாமியாக நடித்த ஜேசன் டேவிட் ஃபிராங்க் 2022 நவம்பரில் மறைந்த செய்தி வந்தபோது, தம்பி வேலை நேரத்தில் எனக்குப் போன் செய்தான். இரண்டு பேரும் வெகுநேரம், டாமி ஆசிரியராகத் திரும்பி வரும் டைனோ தண்டர் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

உங்கள் மகன் விஷயம். ஆறு வயதுக்கு மைட்டி மார்ஃபின் வேண்டாம். எட்டு வயது வரைக்கும் பொறுங்கள். அப்புறம் டைனோ தண்டரில் ஆரம்பியுங்கள். அதில் வில்லன் மெஸோகாக் இருப்பது, வெள்ளை ரேஞ்சரின் வளர்ப்பு அப்பா ஆன்டன் மெர்சரின் உடலுக்குள். அதனால் எல்லாச் சண்டையிலும் யாருக்கோ வலிக்கும் என்பது குழந்தைக்குத் தானாகவே தெரியவரும். அதன் பிறகு எஸ்.பி.டி. ஒரு நாளைக்கு ஒரு எபிசோட், பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும். முடிந்ததும் அவன் சண்டை போட்டுக் காட்டத்தான் செய்வான். மெத்தையைத் தரையில் போட்டு, தலையணையை வில்லனாக்கிக் கொடுங்கள். வீட்டில் தங்கை இருந்தால் அவளுக்கும் ஒரு நிறம் ஒதுக்குங்கள்.