அரை கிரவுண்டு வீட்டுக்கு ஆற்றல் விதியா?

கேள்வி: 1,200 சதுர அடி மனையில் தரைத்தளம், முதல் தளம் சேர்த்து 1,600 சதுர அடிக்கு வீடு கட்டுகிறோம். “புது ஆற்றல் விதி வந்துவிட்டது. இரட்டைக் கண்ணாடி ஜன்னல், மாடிக்கு இன்சுலேஷன், கிரீன் சர்டிபிகேட் எல்லாம் கட்டாயம்” என்று சதுர அடிக்கு 150 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார் ஒப்பந்ததாரர். கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். அவர் சொல்வது குடியிருப்புகளுக்கான ஆற்றல் விதியான ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’வாக இருக்கும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பரில் வெளியிட்டது. அதன்படி மனை 500 சதுர மீட்டராவது இருக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டேகால் கிரவுண்டு. உங்களுடையது அரை கிரவுண்டு. எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் 2022 திருத்தமோ 100 கிலோவாட் மின்பளுவைப் பற்றிப் பேசுகிறது. ஒரு இடத்தில் மனைப் பரப்பு, இன்னொரு இடத்தில் கிலோவாட். போதாததற்கு மாநிலம் தனியாக ஏற்று அறிவிக்க வேண்டும். சாதாரண ஆளுக்கு எது புரியும்? இந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகர் பிழைக்கிறார்.

அடுக்குமாடி வாங்குபவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. உங்கள் பங்குக்கு வரும் யூ.டி.எஸ். (பிரிக்கப்படாத நிலப் பங்கு) 400 சதுர அடிதான், ஆகவே விதி பொருந்தாது என்று பில்டர் சொன்னால் நம்பாதீர்கள். பார்க்க வேண்டியது மொத்த வளாகத்தின் மனை. பத்துப் பேர் பங்கு போட்டாலும் மனை ஒன்றுதான். கீழே கடை, மேலே வீடு என்றாலும் வீட்டுப் பகுதிக்கு விதி உண்டு.

‘கிரீன் சர்டிபிகேட்’ என்பது பெரும்பாலும் ஐ.ஜி.பி.சி., கிருஹா போன்ற பசுமைக் கட்டடத் தரமதிப்பீடு. விரும்பினால் வாங்குவது. அதற்கும் இந்த விதிக்கும் முடிச்சுப் போடுபவரிடம் முன்பணம் தராதீர்கள். இரட்டைக் கண்ணாடியை விதி எங்கும் கட்டாயமாக்கவில்லை. கிழக்கு, மேற்கு ஜன்னல்களுக்கு வெளியே நல்ல நிழல் இருந்தாலே பெருமளவு வெப்பம் தடுபடும்.

இதைவிடப் பெரிய பொறி ஸ்லைடிங் ஜன்னல். நம் கடலோர வெக்கைக்கு, திறக்கக்கூடிய பரப்பு கார்பெட் ஏரியாவில் (வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பு) ஆறில் ஒரு பங்கு வேண்டும் என்கிறது விதி. 600 சதுர அடிக்கு 100 சதுர அடி. இரண்டு கதவு ஸ்லைடிங்கில் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். 100 சதுர அடி ஜன்னல் வைத்தாலும் 50தான் தேறும். கட்டாயம் இல்லாவிட்டாலும் கீல் வைத்த ஜன்னலே போடுங்கள்.

மாடி இன்சுலேஷன் நல்லதுதான், ஆனால் கேட்கும் கணக்கு தவறு. வெயில் படுவது சுமார் 800 சதுர அடி மொட்டை மாடியில். அவர் 1,600க்கும் காசு கேட்கிறார், 2,40,000 ரூபாய்! மாடிப் பரப்புக்கு மட்டும் தனி எஸ்டிமேட் கேளுங்கள். கூரை வழியே வெப்பம் எவ்வளவு எளிதில் கடக்கிறது என்பதைச் சொல்லும் அளவு யூ-மதிப்பு; அது 1.2க்கு மேல் போகக் கூடாது என்கிறது விதி. வெறும் ஆறு அங்குல கான்கிரீட் தளம் 3க்கு மேல் காட்டும். அதன்மேல் 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். (வெப்பம் தடுக்கும் கெட்டியான நுரைப் பொருள்) பலகை போட்டாலே 1.2க்குக் கீழே இறங்கிவிடும்; 75 மி.மீ. என்று தலையில் கட்டினால் மறுத்துவிடுங்கள். முதலில் வாட்டர்புரூஃபிங், அதன்மேல் பலகை, பிறகு சாய்தளக் கலவை, கடைசியில் வெள்ளை ஓடு. வாட்டர்புரூஃபிங்கைத் தவிர்த்தால் கசிவு எங்கே என்று பிறகு தேடவே முடியாது. எக்ஸ்.பி.எஸ். என்று சொல்லி மலிவான தெர்மோகோலை விரிப்பதும் நடக்கிறது. கலவையின் பாரத்தில் அது நசுங்கி, ஓடு விரிசல் விடும். அடர்த்தி கன மீட்டருக்கு 30 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்குங்கள்.