4 அடி கடல்நீர்த் தொட்டியில் எம்பரர் ஏஞ்சல் மீன் வளர்க்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: ஒரு வருடமாக நன்றாக ஓடும் 4 அடி கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. அதில் இரண்டு கிளவுன் மீன்களும் கொஞ்சம் பவளமும் இருக்கின்றன. கருநீல உடம்பில் வெள்ளை வளையங்கள் போட்ட 7 சென்டிமீட்டர் எம்பரர் ஏஞ்சல் குஞ்சு ஒன்றைக் கடையில் பார்த்திருக்கிறீர்கள். இப்போதே வாங்கிவிட்டு, பெரிதானதும் பெரிய தொட்டி வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். முதலில் தொட்டி, அப்புறம் மீன். இதே இனத்து மீன் ஒன்றை ஒன்பது வருடமாக வளர்த்து வருகிறேன். அதற்கு முன்னால் இன்னொன்றை, நீங்கள் நினைப்பது போலவே நினைத்து வாங்கி, பதினோரே நாளில் இழந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடையில் நீங்கள் பார்த்தது குழந்தை. வளர்ந்த எம்பரர் 40 சென்டிமீட்டர் வரை போகும். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை கையை நீட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த நீளம். உடம்பும் ஒல்லியானது இல்லை, தட்டு மாதிரி உயரமானது. இதன் உறவினர்களும் இப்படித்தான்: குயீன் ஏஞ்சல் 45 சென்டிமீட்டர், கிரே ஏஞ்சல் 60 சென்டிமீட்டர் வரை வளரும். நன்னீர்த் தொட்டிகளில் வளர்க்கும் ஏஞ்சல் மீனுக்கும் இவற்றுக்கும் பெயரைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை. அது வேறு குடும்பம், அந்த அனுபவம் இங்கே உதவாது. நல்ல தொட்டியில் ஒரு எம்பரர் இருபது வருடம்கூட இருக்கும்.

இந்த மீன்மேல் எல்லோருக்கும் ஆசை வருவதற்குக் காரணம் அதன் நிறமாற்றம். குஞ்சாக இருக்கும்போது கருநீலத்தில் வெள்ளை வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக, வால் பக்கம் ஒரு புள்ளியைச் சுற்றி இருக்கும். வளர்ந்ததும் நீல உடம்பில் நீளவாக்கில் மஞ்சள் கோடுகள், கண்ணை மறைக்கும் கருப்புப் பட்டை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே மீன் என்று யாரும் நம்பமாட்டார்கள். அறிஞர்களே நம்பவில்லை. வளர்ந்த மீனுக்குப் பிளாக் என்ற ஜெர்மானிய இயற்கையியலாளர் 1787இல் பெயர் வைத்தார். குஞ்சுக்கு 1801இல் 'நிக்கோபாரியென்சிஸ்' என்று தனி இனமாகவே ஒரு பெயர் வைக்கப்பட்டது. நிக்கோபார் தீவுகளின் பெயர்தான் அது. இரண்டும் ஒன்றே என்று தெரிந்த பிறகு அந்தப் பெயர் வழக்கொழிந்தது. பெரிய மீன்கள் தங்கள் இடத்துக்குள் தங்களைப் போன்ற நிறம் கொண்ட இன்னொன்றை விடாமல் துரத்தும். குஞ்சின் வேறு நிறம் அந்த அடியிலிருந்து அதைக் காப்பாற்றுகிறது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

என் மீனிடம் இந்த மாற்றம் 10 சென்டிமீட்டர் வாக்கில் தொடங்கி முழுதாக முடிய இரண்டு வருடம் ஆனது. முதலில் வளையங்கள் நெளிந்தன, பிறகு அவற்றுக்கு நடுவில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு வாரமும் வேறு மீன் மாதிரி இருக்கும். அந்த இரண்டு வருடம் நான் அடைந்த சந்தோஷம் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் இதே மாற்றம் பாதியில் கலங்கிப்போய் நின்ற மீன்களையும் பார்த்திருக்கிறேன். வளையமும் இல்லாமல் கோடும் இல்லாமல் மங்கலாக, தலையில் குழிகளோடு. நான் பார்த்த அத்தனையும் சின்னத் தொட்டியில், ஒரே வகை உணவில் வளர்ந்தவை. 'பெரிதானதும் பார்த்துக்கொள்ளலாம்' என்ற திட்டத்தில் இதுதான் சிக்கல். மீன் பெரிதாகும் அந்த வருடங்கள்தான் அதன் உடம்பும் நிறமும் அமையும் வருடங்கள். அவை போன பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றினால் போனது முழுதாகத் திரும்புவதில்லை.

சரி, எவ்வளவு பெரிய தொட்டி? உங்களுடைய 4 அடி தொட்டி வழக்கமான அளவு என்றால் 240 லிட்டர் பிடிக்கும். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 680 லிட்டர். ஒரு எம்பரருக்கு இதைத்தான் குறைந்தபட்சம் என்பேன், அதுவும் மற்ற மீன்கள் குறைவாக இருந்தால். என்னுடையது 8 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்டது. உயரத்தைவிட நீளமும் அகலமும் முக்கியம். இது பகல் முழுவதும் சுற்றி வரும் மீன், திரும்புவதற்கே இடம் வேண்டும். பாறைகளைச் சுவர் போல அடுக்காமல், இடுக்குகளும் குகைகளும் விட்டு அடுக்குங்கள். மிரண்டால் ஓடி ஒளிய முழு உடம்பும் நுழையும் ஒரு குகையாவது இருக்க வேண்டும். இன்னொன்று, 680 லிட்டர் கடல்நீரே 700 கிலோ. கண்ணாடி, பாறை, மணல், ஸ்டாண்டு சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டும். தரை அதைத் தாங்குமா என்பதை வாங்குவதற்கு முன்னால் விவரம் தெரிந்தவரிடம் கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். அடர்த்தி 1.025 வாக்கில், வெப்பம் 24 முதல் 27 டிகிரி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் கீழே. வித்தியாசம் கழிவின் அளவில்தான். இது நாள் முழுக்கத் தின்று நாள் முழுக்கக் கழிக்கும் மீன். கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் கருவியைத் தொட்டியின் கொள்ளளவுக்கு ஏற்றதைவிட ஒரு படி பெரிதாகவே வாங்குங்கள். புதுத் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஆனால் ஏஞ்சலை அதற்கப்புறமும் ஆறு மாதமாவது பொறுத்து விடுவது நல்லது. பாறைகளில் பாசியும் சின்னக் கடற்பஞ்சுகளும் வளர்ந்திருந்தால் அது நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டிருக்கும், சீக்கிரம் பழகிவிடும்.

இனி என் முதல் மீன் கதை. கடையில் சுறுசுறுப்பாக இருந்தது, நன்றாகத் தின்றது. நேராகக் கொண்டுவந்து மற்ற மீன்கள் இருந்த தொட்டியில் விட்டேன். ஏழாம் நாள் வேகமாக மூச்சு வாங்கியது. ஒன்பதாம் நாள் பம்பின் நீரோட்டத்துக்கு எதிரே போய் நின்றுகொண்டு வெளிச்சத்தைத் தவிர்த்தது. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோது உடம்பெங்கும் மெல்லிய தூசு படிந்தது போல இருந்தது. வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய். பதினோராம் நாள் அது போனது. அதே வாரத்தில் மற்ற மூன்று மீன்களும் போயின. எல்லாவற்றையும் தடுத்திருக்கலாம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பதினோரு வாரம் அந்தத் தொட்டியை மீனே இல்லாமல் வெறுமனே ஓட்டினேன், ஒட்டுண்ணிகள் உயிர்பிழைக்க வழியில்லாமல் அழியட்டும் என்று.

ஆகவே புது மீனைத் தனியே வைத்துக் கவனிக்கும் குவாரன்டைன் தொட்டி இல்லாமல் இந்த மீனை வாங்கவே வாங்காதீர்கள். மணலும் பாறையும் இல்லாத ஒரு சாதாரணக் கண்ணாடித் தொட்டி, ஏற்கெனவே ஓடும் சம்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டி) ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிய இரண்டு பெரிய பிவிசி குழாய்த் துண்டுகள். இவ்வளவு போதும். வெல்வெட்டுக்கும் வெள்ளைப்புள்ளி நோய்க்கும் காப்பர் மருந்து. எந்த வகைக் காப்பர் என்பதைப் பொறுத்து அளவு மாறும், உறையில் உள்ளதைத்தான் பின்பற்ற வேண்டும். ஏஞ்சல்கள் காப்பரால் சட்டென்று சோர்ந்துபோகும். முதல் நாளே முழு அளவையும் ஊற்றாமல் நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, தினமும் அளந்து, 30 நாள் அதே அளவில் வைத்திருங்கள். காப்பர் இருக்கும் தண்ணீரில் அம்மோனியாவை அடக்கும் திரவங்களைச் சேர்க்கவே கூடாது, சில சேர்மானங்களில் காப்பரே விஷமாகிவிடும். அம்மோனியா ஏறினால் தண்ணீரை மாற்றுங்கள். காப்பரை ஒருபோதும் முக்கியத் தொட்டியில் விடாதீர்கள். பவளமும் நத்தையும் இறால்களும் செத்துப்போகும், பாறையும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

பெரிய ஏஞ்சல்களிடம் ஃப்ளூக் எனும் தட்டைப்புழுக்களும் மிகச் சாதாரணம். காப்பர் அவற்றைத் தொடாது. கண் மங்கினால், பாறையிலோ குழாயிலோ உடம்பைத் தேய்த்தால் சந்தேகப்படுங்கள். பிராசிகுவான்டல் என்ற புழு மருந்தை ஒரு முறை கொடுத்து, முட்டையிலிருந்து வருபவற்றுக்காக ஒரு வாரம் கழித்து மறுபடியும் கொடுக்க வேண்டும்.

கடையில் மீனைத் தேர்வு செய்யும்போது நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். உங்கள் கண்முன்னால் சாப்பிடச் சொல்லிக் கேளுங்கள், சாப்பிடாத மீனை வாங்காதீர்கள். வயிறு உள்ளே ஒட்டியிருந்தால், தலைக்குப் பின்னால் முதுகு மெலிந்திருந்தால் வேண்டாம். நல்ல மீன் உங்களையே கவனித்துக்கொண்டிருக்கும். 8 முதல் 12 சென்டிமீட்டர் அளவு நல்லது. அதைவிடச் சின்னது சீக்கிரம் பட்டினியில் விழும், பெரிதாக வளர்ந்து பிடிக்கப்பட்டது தொட்டி வாழ்க்கைக்குப் பழகச் சிரமப்படும். சில இடங்களில் மீனைச் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கிறார்கள். அப்படிப் பிடித்த மீன் பார்க்க நன்றாக இருந்தும் சில வாரங்களில் செத்துப்போகலாம். எப்படிப் பிடித்தது என்று தெளிவாகச் சொல்லும் இடத்தில் வாங்குவதற்கு இதுதான் காரணம். கன்னத்தில் ஒரு கூரிய முள் இருக்கும், ஏஞ்சல் குடும்பத்தின் அடையாளமே அதுதான். வலையில் அள்ளினால் அந்த முள் சிக்கி மீன் காயப்படும், உங்கள் கையையும் கிழிக்கும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு மொண்டு எடுக்கச் சொல்லுங்கள்.

உணவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடலில் இதன் பெரும்பகுதிச் சாப்பாடு கடற்பஞ்சு, கூடவே பாசி, சின்னச் சின்ன உயிரினங்கள். வெறும் இறாலும் உலர்தீனியும் கொடுத்தால் கொழுக்கும், ஆனால் தேறாது. கடற்பஞ்சு கலந்த உறைந்த ஏஞ்சல் உணவு, நோரி பாசித் தாள், மைசிஸ் என்ற பொடி இறால், நறுக்கிய சிப்பிச் சதை என்று மாற்றி மாற்றி, நாளுக்கு மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நோரியை ஒரு கிளிப்பில் மாட்டிவிட்டால் அரை மணி நேரத்தில் துண்டு துண்டாகப் பிய்த்துவிடும். புது மீன் எதையும் தொடவில்லை என்றால், ஓட்டைத் திறந்த ஒரு சிப்பியைப் பாறையில் வைத்துப் பாருங்கள். என் மீன் வந்த முதல் மூன்று நாள் பட்டினியாக நின்றது. நாலாம் நாள் சிப்பியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு கொத்து கொத்தியதும்தான் எனக்கு மூச்சே வந்தது.

நான் முன்னால் சொன்ன அந்தத் தலைக்குழி நோய் பெரும்பாலும் சத்துக் குறைவாலும் மோசமான தண்ணீராலும் வருவது. ஆக்டிவேட்டட் கார்பனின் தூசும் இதற்குக் காரணமாவதுண்டு. கார்பன் போடுவதென்றால் நன்றாகக் கழுவிப் போடுங்கள்.

உங்கள் பவளங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எம்பரர் அவற்றைக் கொத்தும். சதைப்பற்றான பவளங்களும் ஜோவாந்தஸ் என்ற பூப்போன்ற பவள வகையும் ராட்சதச் சிப்பிகளின் மேல் மடிப்பும் அதற்கு ருசியான தீனி. கொத்தாத மீனும் உண்டு என்பார்கள், ஆனால் இன்று கொத்தாதது அடுத்த வருடம் கொத்தலாம். மீனும் பாறையும் மட்டும் உள்ள தொட்டிதான் இதற்கு ஏற்றது. மற்ற மீன்களை முதலில் விட்டு, ஏஞ்சலைக் கடைசியாக விடுங்கள். ஒரு தொட்டிக்கு ஒரு பெரிய ஏஞ்சல் போதும். கோபம் வந்தால் 'டொக்' என்று ஒரு சத்தம் போடும், கண்ணாடிக்கு வெளியே உங்களுக்கே கேட்கும்.

கரண்ட் போனால் பெரிய மீன்தான் முதலில் மூச்சுத் திணறும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும்.

இப்போது கையில் இருக்கும் 4 அடி தொட்டிக்கு ஏஞ்சல்தான் வேண்டும் என்றால் குள்ள ஏஞ்சல்களைப் பாருங்கள். கோரல் பியூட்டியோ ஃபிளேம் ஏஞ்சலோ 10 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். 240 லிட்டரில் ஒன்று நிம்மதியாக வாழும், நிறத்திலும் சுறுசுறுப்பிலும் குறை சொல்ல முடியாது. பவளத்தை அவையும் கொஞ்சம் கொத்தலாம், எம்பரர் அளவுக்கு இல்லை. எம்பரர்தான் வேண்டும் என்றால் இரண்டு வருடம் சேமித்து 6 அடிக்குப் போங்கள். அந்த நேரத்தில் பழைய தொட்டியை விற்றுவிடாதீர்கள். மீன்கள் புதுத் தொட்டிக்கு மாறி, பவளத்துக்கு வேறு இடம் பார்த்த பிறகு, பாறையையும் மணலையும் எடுத்துவிட்டுக் கழுவி வைத்தால், எம்பரர் முதல் ஒரு மாதம் தங்குவதற்கு அதைவிட வசதியான குவாரன்டைன் தொட்டி கிடைக்காது.